லெட்டர் இல்லை என்றால் டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தமில்லை

கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். ஃபுட்டேஜ் எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும். லேப்டாப்பில் புதிதாக விண்டோஸ் போட்டு வாங்கி வந்து டிஸ்க்கைச் செருகினால், விளக்கு எரிகிறது, ஆனால் திஸ் பிசியில் எதையும் காணோம்.

விண்டோஸ் போட்ட கடைக்கே கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி என் லேப்டாப்பிலேயே செருகிப் பார்த்துவிட்டு, "டிஸ்க் போயிருச்சுண்ணே, ரெக்கவரிக்கு அனுப்பணும்" என்றார். அவர் கேட்ட பணத்தில் புது டிஸ்க்கே வாங்கிவிடலாம். பக்கத்திலேயே வேறு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஒருமுறை செருகிப் பார்க்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை. இன்னும் வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்து விண்டோஸ் பொத்தானையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். டிஸ்க் அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. முழுக் கொள்ளளவு, என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை), 'ஹெல்தி'. இல்லாதது லெட்டர் மட்டும்தான், அதாவது சி, டி என்று விண்டோஸ் ஒவ்வொரு டிரைவுக்கும் வைக்கும் அடையாள எழுத்து. உங்களுக்கும் இப்படித் தெரிந்தால் யார் சொன்னாலும் ஃபார்மட் செய்யாதீர்கள். 'இனிஷியலைஸ்' (புது டிஸ்க்காக நினைத்துத் தயார்செய்வது) செய்யட்டுமா என்று கேட்டாலும், உள்ளே டேட்டா இருக்கிற டிஸ்க் என்றால் கேன்சல்தான்.

ரைட் கிளிக் செய்து, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்' போய் லெட்டர் கொடுத்தேன், ஃபைல்கள் வந்துவிட்டன. ஆனால் அடுத்த தலைவலி: எடிட்டிங் புராஜெக்டைத் திறந்தால் அத்தனை கிளிப்பும் 'மீடியா ஆஃப்லைன்'. பழைய விண்டோஸில் இந்த டிஸ்க் எஃப், புராஜெக்டும் எஃப்-இல்தான் தேடுகிறது. லெட்டர் டிஸ்க்கில் எழுதி வைக்கப்படுவதில்லை. அந்தந்த கம்ப்யூட்டரின் விண்டோஸ்தான் அதை நினைவில் வைக்கிறது. புது விண்டோஸுக்கு என் டிஸ்க் முன்பின் தெரியாத ஆள்.

எஃப் கொடுக்கலாம் என்றால் பட்டியலிலேயே எஃப் இல்லை. கார்டு ரீடர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் ரீடரை ஆர்-க்கு மாற்றி, அப்புறம் டிஸ்க்குக்கு எஃப் கொடுத்தேன். சில புரோகிராம்கள் ஓடாமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கை வரும். வெளி டிஸ்க்கில் வெறும் ஃபைல்கள்தான் என்றால் 'யெஸ்' கொடுக்கலாம். விண்டோஸ் இருக்கும் சி பக்கம் மட்டும் போகவே கூடாது. கிளிப் எல்லாம் உயிர்பெற்றதும்தான் சாப்பாடே இறங்கியது.

லெட்டர் ஏன் தானாக வரவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, டிஸ்க்குகளைக் கட்டளை அடித்து நிர்வகிக்கும் டிஸ்க்பார்ட்டுக்குள் போய் 'ஆட்டோமவுன்ட்' என்று அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது! அது அணைந்திருந்தால் புதிதாக வரும் டிஸ்க்குக்கு விண்டோஸ் தானாக லெட்டர் தராது. 'ஆட்டோமவுன்ட் எனேபிள்' அடித்ததும், அடுத்து செருகிய இன்னொரு டிஸ்க் தானாகவே லெட்டரோடு வந்தது.

அந்தக் கல்யாண ஆல்பத்தைக் கொடுத்து முடித்ததும் எல்லா டிஸ்க்கையும் எம்-முக்குப் பிறகான லெட்டர்களுக்கு மாற்றிவிட்டேன். விண்டோஸ் தானாகக் கொடுக்கும்போது முன்னால் காலியாக இருப்பதைத்தான் எடுக்கும், அதனால் பென் டிரைவ்கள் அவ்வளவு தூரம் வந்து மோதுவது அபூர்வம். பழைய புராஜெக்ட்களில் ஒரு கிளிப்பின் புது இடத்தைக் காட்டினால் போதும், கூடவே இருப்பவற்றை மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் அதன் லெட்டரை மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உதவிக்கு வரும் பையன் அவன் லேப்டாப்பிலும் அதையே கொடுத்து வைத்திருக்கிறான்.