மிச்சத்தில் ஒளிந்திருக்கும் உப்பு: ஆர்கன்சா ஆற்றுக் கணக்கு

கொலராடோ மாநிலத்தில் ஆர்கன்சா ஆற்றின் கீழ்ப் பள்ளத்தாக்கில் தண்ணீருக்கும் உப்புக்கும் வரவு செலவு போடும் வேலையைச் செய்து முடித்தேன். இதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ராக்கி மலைப் பனி உருகி வரும் ஆறு இது. பியூப்ளோ பக்கம் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராமாக இருக்கும் உப்பு, கன்சாஸ் எல்லைக்கு வரும்போது 4,000 அளவுக்கு ஏறிவிடுகிறது. இதற்குப் பெரிய காரணம், 1870களில் இருந்து நடந்துவரும் பாசனம். பயிர் தண்ணீரைக் குடிக்கும், உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். வயலில் மிஞ்சிய நீர் கீழே இறங்கி, பழங்காலக் கடல் படிவான ஷேல் பாறையிலிருந்து சல்பேட்டையும் செலினியத்தையும் கரைத்துக்கொண்டு ஆற்றுக்கே திரும்புகிறது. அதையே அடுத்த கால்வாய்க்காரர் எடுத்துப் பாய்ச்சுகிறார்.

கேட்லின் அணைக்கட்டிலிருந்து லாஸ் அனிமாஸ் வரையிலான பகுதியை எடுத்துக்கொண்டேன். இரண்டு முனையிலும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் அளவீட்டு நிலையங்கள் உண்டு. ஃபோர்ட் லயன் போன்ற கால்வாய்கள் எடுக்கும் நீருக்கு மாநில அரசு தினசரிப் பதிவு வைத்திருக்கிறது. எல்லாமே யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய தரவு.

நீர்க் கணக்கு பார்க்க எளிது. மேலிருந்து வருவதோடு ஓடைகள் தருவதைக் கூட்டி, கால்வாய்கள் எடுப்பது, ஆவியாவது, கீழே வெளியேறுவது மூன்றையும் கழித்தால் ஒரு மிச்சம் வரும். அளக்க முடியாத நிலத்தடிக் கசிவு அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான். 'நன்று' என்று தரமிட்ட நிலையத்தின் தினசரி அளவே 10 சதவீதம் வரை தள்ளியிருக்கலாம். ஜூனில் ஆறு நொடிக்கு 1,000 கன அடி ஓடினால் 100 கன அடி சந்தேகத்தில் நிற்கும். நாம் தேடும் கசிவும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கும். எல்லா நிலையங்களின் பிழையும் மிச்சத்தில் போய்ச் சேர்வதால், நீர்க் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு கசிவு இவ்வளவு என்று சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இங்கேதான் உப்புக் கணக்கு கைகொடுக்கிறது. சென்சார் தருவது மின்கடத்துதிறன். அதைக் கரைந்த உப்பாக மாற்றப் பலரும் 0.64 என்ற எண்ணால் பெருக்குவார்கள். சல்பேட் மிகுந்த இந்த ஆற்றுக்கு அது குறைவு. ஆய்வகத்தில் சோதித்த மாதிரிகளை வைத்து ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனிச் சமன்பாடு போட்டேன். அப்புறம் ஓட்டத்தோடு பெருக்கினால் உப்புச் சுமை கிடைக்கும். நொடிக்கு ஒரு கன மீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் என்றால் நாளைக்கு 86.4 டன்.

இப்போது உப்பு மிச்சத்தை நீர் மிச்சத்தால் வகுக்க வேண்டும். இந்த முறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வரும் விடை கசிவு நீரின் உப்பளவு. அது பள்ளத்தாக்குக் கிணறுகளில் அளந்த உப்போடு பொருந்த வேண்டும். ஆற்று நீரைவிடச் சுத்தமானது என்று விடை வந்தால் அந்த மாதக் கணக்கு நம்பத்தக்கதல்ல.

ஜூன் மாதங்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறவில்லை. ஓட்டம் நாளுக்கு நாள் மாறுவதால், மேல் நிலையத்தைத் தாண்டிய நீர் கீழே வந்து சேரும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருந்தது. கோடை இடிமழையில் பக்க ஓடைகள் திடீரென்று சேற்றோடு வந்து கலக்கும். கடுங்குளிரில் ஆவியாதல் தொல்லை இல்லை, ஆனால் பனிக்கட்டி நீர்மட்டத்தைத் தூக்கிக் காட்டிவிடும். நம்பத்தகுந்த விடை தந்தவை பின்பனிக்கால மார்ச்சும் இலையுதிர்காலக் கடைசியும்தான்.

ஒவ்வொரு அளவுக்கும் பிழை வரம்பு கொடுத்து, அந்த வரம்புக்குள் எண்களைத் தற்போக்காக மாற்றிப் பார்க்கும் மான்டி கார்லோ முறையில் ஆயிரக்கணக்கான தடவை கணக்கை ஓட்டி, விடையை ஒரு வீச்சாகவே அறிக்கையில் கொடுத்தேன். அறிக்கை கேட்டவர்கள் ஒற்றை எண் கேட்டார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. இது வழக்குக் கண்ட ஆறு. 1985இல் கன்சாஸ் வழக்குத் தொடுத்து, கொலராடோவின் கிணற்று இறைப்பு, ஆற்று நீரைப் பகிர்ந்துகொள்ளும் இரு மாநில ஒப்பந்தத்தை மீறியது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே ஒரு எண் எழுதினால் அதை விவசாயியும் படிப்பார், வழக்கறிஞரும் படிப்பார்.

வீச்சை அதிகம் அகலமாக்கியவை சிறு ஓடைகள். டிம்பாஸ் ஓடை போன்றவற்றின் வாயில், ஆண்டு முழுதும் ஓடும் மின்கடத்துதிறன் சென்சாரை முதலில் வைக்கச் சொல்லி அறிக்கையை முடித்தேன்.