16,500 டொலருக்கு ஒரு படிவம்

மேற்கு அவுஸ்திரேலியாவின் டேர்பி ஊரில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்குப் படிவம் நிரப்புவது புதிதல்ல. ஓய்வூதியம், மருத்துவ அட்டை, வீட்டு வாடகை என்று தினமும் யாராவது ஒரு கடிதத்தை நீட்டுவார்கள். ஆனால் 'களவாடப்பட்ட ஊதியம்' தொடர்பான படிவம் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

மேற்கு அவுஸ்திரேலியாவில் 1936 முதல் 1972 வரை கூலியே இல்லாமலோ சொற்பக் கூலிக்கோ உழைத்த பழங்குடி மக்களுக்காக மேர்வின் ஸ்ட்ரீட் என்ற, அம்மாநிலத்தின் வடக்கிலுள்ள கிம்பர்லி வட்டார ஓவியர் முன்னின்று வழக்குத் தொடுத்தார். ஊதியத்தில் 75 சதவீதம் வரை அரசே பிடித்து வைக்க அக்காலச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. 2023 நவம்பரில் மாநில அரசு இணக்கத்துக்கு வந்தது. தொழிலாளி ஒருவருக்கு 16,500 டொலர். அவர் இறந்திருந்தால் துணைவரோ பிள்ளைகளோ கேட்கலாம் என்றார்கள்.

நான் படிவம் நிரப்பிக்கொடுத்த பழங்குடி மூதாட்டியான ஆன்ட்டிக்கு (இங்கே மூத்த பெண்களை எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள்) இதில் நம்பிக்கை இல்லை. 2012இலும் ஒரு திட்டம் வந்தது. அரசு நடத்திய குடியிருப்புகளில் இருந்தவர்களுக்கு மட்டும் 2,000 டொலர் கொடுத்தார்கள். தனியார் மாட்டுப்பண்ணையில் வளர்ந்த இவருக்கு ஒரு சதமும் இல்லை. "இன்னொரு பேப்பரா?" என்றுதான் கேட்டார்.

முதல் முட்டுக்கட்டை அடையாளம். அவருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பதிவுகளில் பிறந்த நாள் ஜூலை 1 என்று இருக்கிறது. நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் அதிகாரிகள் எழுதிவைத்த நாள் அது. அவர் வயதுக்காரர்கள் பலருக்கும் அதே பிறந்தநாள்தான். மருத்துவ அட்டையில் பெயர் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கியில் வேறொன்று. வங்கி ஊழியர் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்று கையை விரித்தார். பழங்குடி வாடிக்கையாளருக்குச் சமூகப் பெரியவர் ஒருவரின் உறுதிக் கடிதத்தை ஏற்கலாம் என்ற வழிகாட்டலை அச்செடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். யாருக்கோ தொலைபேசியில் பேசிவிட்டுச் சம்மதித்தார். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வாதாடாதீர்கள், தாளைக் காட்டுங்கள்.

அடுத்தது வேலை விபரம். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று கேட்டால் ஆன்ட்டி சிரித்தார். கணக்கு எழுதியது பண்ணைக்காரர், கேள்வி கேட்பது இவரிடம்! கடைசியில் பிள்ளைகளின் பிறந்த ஆண்டுகளை வரிசையாக எழுதி, "மூத்தவள் வயிற்றில் இருக்கும்போது என்ன வேலை?" என்று கேட்டேன். அதன்பிறகு மடை திறந்துவிட்டது. விடியுமுன் விறகடுப்பு மூட்டுவது, முகாமையாளர் குடும்பத்துக்குப் பாண் சுடுவது, துணி தேய்ப்பது, தோட்டத்துக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவது, அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிச் சுமப்பது. கூலி? மா, சீனி, தேயிலை, இறைச்சி. "இறைச்சியிலும் எலும்புப் பக்கம்தான்" என்றார். படிவத்தில் இதற்கெல்லாம் இடம் போதவில்லை. தனித்தாளில் எழுதி இணைத்தேன்.

கணவருக்கான படிவம்தான் கடினம். அவரும் அதே பண்ணையில் மாடு மேய்த்தவர். பெயர் என்ன என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன். ஆன்ட்டி தலையைக் குனிந்துகொண்டார். இறந்தவரின் பெயரை அவர்கள் வாயால் சொல்வதில்லை. பிறகு உள்ளே போய், இறுதிச் சடங்கில் கொடுத்த சிறு புத்தகத்தை எடுத்துவந்து, அட்டையில் அச்சிட்டிருந்த பெயரின் மேல் விரலை வைத்தார். நானும் வாசிக்காமல் பார்த்து எழுதினேன்.

ஆன்ட்டியின் பணம் வந்துவிட்டது. எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று கேட்டார். எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் எல்லோருக்கும் ஒரே தொகை என்றேன். அவர் பண்ணையில் இருந்தது ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 1,200 டொலர்கூடத் தேறாது. அதைச் சொன்னபோது, மற்றப் படிவம் என்னவாயிற்று என்றுதான் திருப்பிக் கேட்டார். அதில் இன்னும் ஒரு மகனின் அடையாளப் பத்திரம் சேரவேண்டியிருக்கிறது. அவருக்கும் இரண்டு எழுத்துக்கூட்டல்கள்.