நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குள்ள சைக்கிளும் சுகாவோட கல்லறையும்

இங்கிலாந்துல, சவுத்தாம்ப்டன்ல சைக்கிளோட ட்ரெயின் ஏறினா இருபது நிமிஷத்துல நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குள்ள இருக்கிற பிராக்கன்ஹர்ஸ்ட் ஊர் வந்துடும். ஸ்டேஷன விட்டு வெளிய வந்து பத்து நிமிஷம் மிதிச்சா கார் சத்தம் நின்னுடும், அப்புறம் டயருக்கு அடியில ஜல்லி நொறுங்குற சத்தம் மட்டும்தான். நாலு வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா நான் அங்கதான். "அந்தக் காட்டுல அப்படி என்னண்ணா இருக்கு, மரம்தானே"ன்னு ஆபீஸ்ல ஒரு தம்பி கேட்டான். அவனுக்கு வாயால சொல்லி முடியல, அதான் எழுதுறேன்.

நியூ ஃபாரஸ்ட்னு பேர்லதான் புதுசு. 1079ல வில்லியம் மன்னர் வேட்டைக்குன்னு ஒதுக்கின காடு அது. இன்னிக்கும் குதிரை, மாடு, கழுதை எல்லாம் வேலியே இல்லாம சுத்தும், ஆனா எல்லாத்துக்கும் சொந்தக்காரங்க உண்டு, மேய்ச்சல் உரிமை உள்ள குடும்பங்களோட மிருகங்க அதெல்லாம். குதிரை வாலைப் பார்த்தீங்கன்னா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி கத்தரிச்சிருக்கும், எந்தப் பகுதிக் குதிரைன்னு அதை வச்சே சொல்லிடுவாங்க. பாதை நடுவுல குதிரை நின்னா பெல் அடிக்காதீங்க, இறங்கித் தள்ளிக்கிட்டு சுத்திப் போங்க, மிரண்டுச்சுன்னா உதைச்சிடும். சைக்கிள எங்க வேணா ஓட்டவும் முடியாது, நம்பர் போட்ட குட்டையான மரக்கட்டை போஸ்ட் நட்டு வச்சிருக்கிற பாதையில மட்டும்தான் ஓட்டலாம். ஆனா அந்தப் பாதையே நூறு மைலுக்கு மேல இருக்கு, ஒரு வருஷம் ஓட்டினாலும் தீராது.

மொதல்ல ரைன்ஃபீல்ட் பக்கம் போங்க. 1859ல நட்ட டக்ளஸ் ஃபிர், ரெட்வுட் மரமெல்லாம் ரெண்டு பக்கமும் கோயில் தூண் மாதிரி நிக்கும், கழுத்தை முழுசா மடக்கினாத்தான் உச்சி தெரியும். அங்கிருந்து போல்டர்வுட் போற பாதை கொஞ்சம் ஏத்தம், சின்ன கியர்ல போட்டு நிதானமா ஏறிடலாம்.

போல்டர்வுட் தாண்டினதும் ரோட்டோரம் புல்வெளியில ஒரு மரச்சிலுவை நிக்கும். கனடா படைவீரங்க நட்டது. இரண்டாம் உலகப்போர்ல, 1944 ஏப்ரல் 14ல நட்டு, ஜூன் 6ல பிரான்ஸோட நார்மண்டி கடற்கரையில இறங்குற வரைக்கும் அவங்க அங்கதான் ஜெபம் பண்ணியிருக்காங்க. மொத்தமே எட்டு வாரம்கூட முழுசா இல்ல. சிலுவை அடியில போர்ல செத்தவங்க நினைவா வைக்கிற துணி பாப்பி பூ, சின்னக் கனடா கொடி, யாரோ மார்க்கர் பேனாவுல தாத்தா பேர் எழுதி வச்ச கூழாங்கல்லுன்னு கெடக்கும். போன தடவை மழை பெஞ்சு ஒரு கல்லுல பேர் பாதி அழிஞ்சிருந்தது, கடைசி ரெண்டு எழுத்துதான் மிச்சம், அதையே ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னேன்.

அங்கிருந்து எமரி டவுன் பக்கம் இறங்கினா இன்னொண்ணு, பாதிப் பேரு கார்ல கவனிக்காமலே தாண்டிப் போயிடுவாங்க. வெட்டவெளியில ஒரு கல் அடுப்பு, மேல புகைபோக்கி, சுத்திச் சுவரே கிடையாது. போர்ச்சுகீஸ் ஃபயர்பிளேஸ்னு பேரு. முதல் உலகப்போர்ல ஜெர்மன் நீர்மூழ்கிங்க கப்பலை எல்லாம் மூழ்கடிக்க, வெளிநாட்டு மரம் வர்றது குறைஞ்சுபோச்சு. பதுங்குகுழிக்கு முட்டுக்கொடுக்க, சுரங்கத்துக்கு, ரயில் பாதைக்குன்னு எல்லாத்துக்கும் மரம் வேணும், உள்ளூர் ஆம்பளைங்கள்ல பாதிப் பேர் போர்முனையில. அதனால போர்ச்சுகல் ராணுவத்துல ஒரு பிரிவு இங்க வந்து தங்கி மரம் வெட்டிக் கொடுத்திருக்கு. அவங்க சமையல்கூடத்துல மிச்சம் அந்த அடுப்பு மட்டும்தான். இந்த ஊர்க் குளிருக்குப் பழகாத ஆளுங்க சுத்தி உக்காந்து கையைச் சூடு காட்டின அடுப்பு, கரி பிடிச்ச கல்லைத் தொட்டுப் பாருங்க.

திரும்ப போல்டர்வுட் வந்து, ஏ31 மெயின் ரோட்டுக்கு அடியில ஒரு சின்ன ரோடு நுழைஞ்சு அந்தப் பக்கம் போகும். வெளிய வந்தா திடீர்னு மரமே இல்ல, வானம்தான். ஸ்டோனி க்ராஸ். காட்டு ரோடெல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு போகும், இது மட்டும் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நேரா போகுதேன்னு யோசிச்சிருக்கேன், அப்புறம்தான் தெரிஞ்சது அது பழைய ரன்வே மேல போட்ட ரோடுன்னு. 1942 நவம்பர்ல திறந்த விமானதளம், 1944ல அமெரிக்காவோட பி-38 லைட்னிங் போர் விமானங்க இங்கிருந்துதான் பிரான்ஸ் பக்கம் பறந்தது. இப்ப அந்த கான்கிரீட் விரிசல்ல புல்லு முளைச்சு மாடு மேயுது. எதிர்காத்து பலமா அடிக்கும், ஜாக்கெட் ஜிப்பை மூடிக்கோங்க.

ஃப்ரிதம் ஊருக்கு வந்துட்டா எனக்கு ரொம்பப் பிடிச்ச பாதை ஆரம்பிக்கும், ஹாம்ப்டன் ரிட்ஜ். ஃப்ரோகம் வரைக்கும் ஒரு மேட்டு முதுகு மேலேயே போற ஜல்லிப் பாதை, ரெண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. ஆகஸ்ட்ல போனீங்கன்னா ஹெதர் பூத்து மலையே கத்திரிப்பூ கலர்ல கெடக்கும், வானம்பாடி கண்ணுக்குத் தெரியாத உயரத்துல கத்திக்கிட்டே இருக்கும். இந்த அமைதியான இடம்தான் ஆஷ்லி வாக், இரண்டாம் உலகப்போர்ல இங்கிலாந்து தன்னோட குண்டுகளைத் தானே போட்டுப் பார்த்த மைதானம். 1940ல இருந்து 1946 வரைக்கும் வேலி போட்டு அடைச்சு வச்சிருந்தாங்க. பாதையில இருந்து கொஞ்சம் தள்ளி, ராத்திரியில பைலட்டுக்கு இலக்கு எந்தப் பக்கம்னு காட்ட தரையில கட்டின அம்புக்குறி இன்னும் இருக்கு, சைக்கிளப் பாதையிலயே விட்டுட்டு நடந்து போய்ப் பார்க்கணும். வடக்குப் பக்கம் ஒரு பெரிய மண்மேடு, அதுக்கு உள்ள குண்டு போட்டுச் சோதிக்கக் கட்டின கனமான கான்கிரீட் கட்டடம் இருக்கு, போர் முடிஞ்சதும் மண்ணைப் போட்டு மூடிட்டாங்க. 1945 மார்ச் 13ல கிராண்ட் ஸ்லாம்ங்கற குண்டை இங்கதான் போட்டுப் பார்த்தாங்க, சுமார் 10 டன் எடை, ஒரு லங்காஸ்டர் விமானத்தால ஒண்ணே ஒண்ணைத்தான் தூக்க முடியும். மறுநாளே ஜெர்மனியில பீலஃபெல்ட் ரயில் பாலத்து மேல அதே ரகக் குண்டைப் போட்டு பாலத்தை உடைச்சாங்க. சோதனைக்கும் சாவுக்கும் நடுவுல ஒரே ஒரு ராத்திரி.

இங்க விழுந்த சின்னக் குண்டுகளோட பள்ளத்துல நிறைய இப்ப குட்டையாயிடுச்சு. ஒருநாள் டயர்ல கோர்ஸ்ங்கற புதரோட முள் ஏறி பங்ச்சர், டியூப் மாத்த அப்படி ஒரு குட்டை ஓரம் உக்காந்தேன். தண்ணி மேல தட்டான் பறக்குது, ஓரத்துல ஒரு குதிரைக்குட்டி முன்னங்கால பரப்பி வச்சு குனிஞ்சு தண்ணி குடிக்குது, வட்டம்னா அவ்வளவு கச்சிதமான வட்டம் அந்தக் குட்டை. அந்த வட்டம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுகிட்டு அதைப் பார்க்கிறது என்னமோ பண்ணுச்சு.

இது எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டா அறுபது கிலோமீட்டருக்கு மேல போயிடும், ரெண்டு நாளா பிரிச்சுக்கோங்க. ரோடு பைக்கோட மெல்லிய டயர் இந்த ஜல்லிக்குத் தாங்காது, கொஞ்சம் அகலமான டயர் போடுங்க, ஒரு டியூப் எக்ஸ்ட்ரா எடுத்துக்கோங்க. காட்டுக்குள்ள ஃபோன் சிக்னலை நம்பாம மேப்பை டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க.

எங்க சுத்தினாலும் கடைசியில பிராக்கன்ஹர்ஸ்ட் திரும்பி வந்து செயின்ட் நிக்கோலஸ் சர்ச்சுக்குப் போயிட்டுத்தான் ட்ரெயின் ஏறுவேன். ஊருக்கு வெளிய சின்ன மேட்டு மேல இருக்கு, வாசல்ல ஆயிரம் வருஷத்துக்கு மேல வயசான யூங்கற ஊசியிலை மரம். முதல் உலகப்போர்ல இந்த ஊரே ஆஸ்பத்திரியா இருந்தது. மொதல்ல பிரான்ஸ்ல அடிபட்ட இந்தியச் சிப்பாய்ங்களுக்காக, வைஸ்ராய் மனைவி பேர்ல லேடி ஹார்டிங் ஆஸ்பத்திரி, தகரக் கொட்டகையா வரிசையா கட்டினதால ஊர்க்காரங்க அதை டின் டவுன்னு கூப்பிட்டாங்க. இந்தியப் படை போனப்புறம் நியூசிலாந்துக்காரங்க ஆஸ்பத்திரி. 93 நியூசிலாந்து வீரங்க சர்ச் தோட்டத்துல ஒரே மாதிரி வெள்ளைக் கல்லுக்குக் கீழ இருக்காங்க.

அந்த வரிசையில சேராம தனியா இன்னொரு கல் இருக்கு. சுகா. பரேலிக்காரர், வயசு 30. துப்பாக்கி தூக்கின சிப்பாய் இல்ல, ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை பார்க்க ஊர்ல இருந்து கப்பல்ல கூட்டிட்டு வந்தவர். 1915 ஜனவரி 12ல இறந்துட்டார். தீண்டத்தகாத சாதின்னு சொல்லி இந்துக்கள் எரிக்க ஒத்துக்கல. லண்டன் பக்கத்து வோக்கிங் ஊர்ல, முஸ்லிம்களுக்கான இடத்துல புதைக்கக் கேட்டாங்க, அங்கயும் முடியாதுன்னுட்டாங்க. கடைசியில இந்த ஊர்ப் பாதிரியார்தான், இந்த மனுஷன் இங்கிலாந்துக்காகத்தானே செத்தார், என் சர்ச் மண்ணுல நான் புதைக்கிறேன்னு சொல்லியிருக்கார். கல்லை வச்சது ஊர்ச் சனங்க, அரசாங்கம் இல்ல. வீட்டையும் நாட்டையும் சொந்தங்களையும் விட்டுட்டு வந்தவர், மதத்தால கிறிஸ்தவர் இல்ல, ஆனா மத்தவங்க நன்மைக்காகத் தன் வாழ்க்கையைக் கொடுத்தவர்னு அதுல செதுக்கியிருக்கு.

போன அக்டோபர்ல அப்பா ஊர்ல இருந்து வந்திருந்தார். அன்னிக்கு சைக்கிள் எடுக்கல, ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு பேரும் நடந்தே போனோம். கல்லுல இருக்கிறதை அப்பாவுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டினேன், எரிக்க மறுத்த கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "கடல் தாண்டி வந்துமாப்பா எரிக்க விடல? நம்ம ஊர்ல இன்னிக்கும் ரெண்டு சுடுகாடுதானே"ன்னார். குளிருக்குக் கழுத்துல சுத்தியிருந்த துண்டை அவுத்து, மண்டி போட்டு, கல்லு மேல எழுத்துக்குள்ள பிடிச்சிருந்த பாசியை மெதுவா துடைச்சார். பேர் இருந்த வரிக்கு வந்ததும் விரலால தடவிக்கிட்டே, "இதுவா அவர் பேரு, இன்னொரு தடவை படி"ன்னார். படிச்சேன். சர்ச் மணி நாலு அடிச்சது, நாங்க ட்ரெயினை விட்டுட்டோம், அடுத்ததுல வந்துக்கலாம்னு அப்பா யூ மரத்தடியிலேயே உக்காந்துட்டார்.