தமிழில் மட்டும் ஏன் தாளைப் பார்த்துப் படிக்கிறார்கள்?

சிங்கப்பூரில் பொதுத்தேர்தல் வந்தால் எனக்குக் கூடுதல் வேலை. துண்டறிக்கை, சுவரொட்டி, குட்டிக் காணொளிக்கான வசனம் என்று கட்சிக்காரர்கள் ஆங்கிலத்தில் அனுப்புவதை இரவோடு இரவாகத் தமிழாக்கித் தருவேன். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. இந்த விஷயத்தில் எல்லாரும் ஒரே இலட்சணம்தான்.

2025 மே 3 வாக்களிப்பையொட்டி ஆங்கிலத்தில் ஒரு திருவிழாவே நடந்தது. யா லா பட், டெய்லி கெச்சப் போன்ற பாட்காஸ்ட்களில் அரசியல்வாதிகள் சாவகாசமாக உட்கார்ந்து பேசினார்கள், சிரித்தார்கள், குடுமியைப் பிடிக்கும் கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள். 2006 தேர்தலில் இதற்கு வழியே இல்லை. பிரசார காலத்தில் அரசியல் பாட்காஸ்ட் கூடாது என்று அப்போது நாடாளுமன்றத்தில் அறிவித்தவர், அன்று மூத்த துணை அமைச்சராக இருந்த நம் பாலாஜி சதாசிவன். ஆனாலும், ஈரல் வேண்டாம் என்று சொன்னேனா இல்லையா என்று பாக் சோர் மீ என்னும் நூடல்ஸ் விற்கும் கடையில் நடக்கும் ஒரு வாய்த்தகராறை, தேர்தல் கால அரசியலைக் கிண்டலடித்து, வலைப்பதிவர் மிஸ்டர் பிரவுன் ஒலிப்பதிவாக வெளியிட, ஊரே சிரித்தது. 2011 தேர்தலுக்குள் விதிகள் தளர்ந்துவிட்டன.

என் காதுக்கு எட்டியவரை, தமிழில் அப்படி ஒரு நீண்ட உரையாடல் நடக்கவில்லை. கட்சிகளின் அரசியல் ஒளிபரப்பு நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வருகிறது, தமிழுக்கும் பங்கு உண்டு. அதில் பெரும்பாலும் கண் ஒரு திசையில், குரல் ஒரு திசையில். யாரோ எழுதிய வசனம் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எழுதுகிற கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால் எனக்கு இன்னும் சீக்கிரம் தெரியும்.

இம்முறை ஒரு யோசனை சொல்லிப் பார்த்தேன். வேட்பாளரை ஈசூன் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு மூன்று பாட்டிகளோடு உட்கார வையுங்கள். அவர்கள் கேட்கட்டும், இவர் தமக்குத் தெரிந்த தமிழில் சொல்லட்டும். அப்படியே படம்பிடித்துப் போடுங்கள் என்றேன். மறுமுனையில் இருந்த தம்பி பதறிவிட்டார். "வேண்டாம் அண்ணே. ஒரு வார்த்தை தவறினால் அதை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டுவிடுவார்கள். ழகரமே போதும் எங்களைக் கவிழ்க்க." வேட்பாளர் வீட்டில் தமிழ்தானே பேசுகிறார் என்று கேட்டேன். "அதுதான் அண்ணே ஆபத்து," என்றார்.

அவர் பயத்தை நான் முழுக்கக் கேலி செய்ய மாட்டேன். குழுத்தொகுதியில் நான்கு அல்லது ஐந்து பேர் ஓர் அணி, அணிக்கு ஒரே வாக்கு. ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது 1988 முதல் சட்டம். தமிழ் பேசும் வேட்பாளர் பலர் அந்த வழியாகத்தான் களத்துக்கு வருகிறார்கள். அவர் வாய் தவறினால் கூட இருப்பவர்களும் சேர்ந்து விழுவார்கள். தவிர, இங்கே வாக்களிப்பது கட்டாயம். தூங்குபவரை எழுப்பிச் சாவடிக்கு அழைத்துவர வேண்டிய பாடு கட்சிக்கு இல்லை. வருகிறவர் முகம் சுளிக்காமல் இருந்தால் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் துணிவு எங்கிருந்து வந்தது? அங்கே இளம் வாக்காளர் கூட்டம் பெரிது, போகாவிட்டால்தான் நட்டம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த மக்கள்தொகையில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு, தமிழர் அதிலும் ஒரு பகுதி. அந்தச் சிறு கூட்டத்துக்காக எதற்கு வம்பு?

வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதுபோல் காட்டும் போலிக் காணொளிகளைத் தேர்தல் காலத்தில் தடுக்க 2024 அக்டோபரில் சட்டமே நிறைவேறிவிட்டது. இவர்கள் பயமோ, தாங்களே உண்மையில் சொல்லிவிடக்கூடியதைப் பற்றியது. அதற்குச் சட்டம் போட முடியுமா?

என் மாமியார் கைப்பேசியில் தமிழ்நாட்டு மேடைப்பேச்சு எல்லாவற்றையும் கேட்பவர். எந்தத் தலைவர் எங்கே குரலை உயர்த்துவார் என்று நடித்தே காட்டுவார். தம் தொகுதியில் நின்ற தமிழரின் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. துண்டறிக்கையில் படம் பார்த்திருக்கிறார், "நல்ல பையனாக இருக்கிறான்" என்பதோடு சரி.

அடுத்த தேர்தலுக்கும் துண்டறிக்கை வந்தால் செய்து தருவேன். காணொளி வசனம் மட்டும் எழுதுவதாக இல்லை. பாட்டிகள் கேட்கக்கூடிய கேள்விகள் வேண்டுமானால் ஒரு பட்டியல் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.