உள்ளே, பக்கம் 3

ஒரு கர்நாடக இசை மாத இதழில் லே-அவுட் ஆர்ட்டிஸ்டாகச் சேர்ந்தபோது எனக்குச் சங்கீதம் தெரியாது, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் தெரியும். மயிலாப்பூரில் ஒரு மாடி வீடுதான் அலுவலகம். ஆசிரியர், துணை ஆசிரியர் ஒருவர், வாரத்தில் மூன்று நாள் புரூஃப் பார்க்க வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அப்புறம் நான். மாதம் 64 பக்கம், நடுவில் பின் அடித்த இதழ், ரேப்பர், அதாவது அட்டை, தனி. சேர்ந்த முதல் வாரமே ஆசிரியர் சொல்லிவிட்டார்: "தம்பி, கட்டுரைப் பக்கத்தை எல்லாம் உன் இஷ்டத்துக்குப் பண்ணு. மூணாம் பக்கம் மட்டும் என்னைக் கேட்காம பிரஸ்ஸுக்குப் போகக் கூடாது."

மூணாம் பக்கம் என்றால் பொருளடக்கம். எந்தக் கட்டுரை எந்தப் பக்கம் என்று சொல்லும் ஒரு பட்டியல், அதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது இதழிலேயே புரிந்தது. பக்க வரிசைப்படி அடுக்கியதில் ஒரு இளம் பாடகியின் பேட்டி மேலே வந்து, மூத்த வயலின் வித்வான் ஒருவரைப் பற்றிய கட்டுரை அவருக்குக் கீழே போய்விட்டது. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. கச்சேரி நோட்டீஸில் பாட்டு, வயலின், மிருதங்கம், அதற்குக் கீழே கடமோ கஞ்சிராவோ என்று ஒரு வரிசை இருக்கிறதல்லவா, அதே கண்ணோடுதான் அந்த உலகம் எங்கள் மூணாம் பக்கத்தையும் பார்த்தது. எழுத்து அரை பாயின்ட் தடித்தாலும் கவனித்தார்கள். பக்க எண் வரிசையில்தானே சார் போட்டேன் என்றால், "அப்போ பக்கத்தையே மாத்து" என்றார் ஆசிரியர். மாற்றினோம். ஒரு பட்டியல் ஒழுங்காக அமைய வேண்டும் என்பதற்காக இதழின் உள்ளேயே கட்டுரைகளை இடம் மாற்றுவது வேறு எங்காவது நடக்குமா தெரியவில்லை, எங்களுக்கு அது மாதாந்திர வேலை.

அவருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. இன்றைய கச்சேரி பத்ததியை அமைத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். முதலில் வர்ணம், நடுவில் கனமான உருப்படி, கடைசியில் துக்கடா என்கிற சின்னச் சின்னப் பாட்டுகள். இதழும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பார் ஆசிரியர். தலையங்கம் வர்ணம், நீண்ட கட்டுரை நடுவில், வாசகர் கடிதமும் ராகப் புதிரும் துக்கடா. பொருளடக்கத்தைப் பார்த்தால் கச்சேரி லிஸ்ட் மாதிரி தெரிய வேண்டும். எனக்கு அப்போது இதெல்லாம் பழம்பஞ்சாங்கமாகப் பட்டது.

ஏனென்றால் நான் வேறு ஒரு மயக்கத்தில் இருந்தேன். லண்டனில் 1980இல் நிக் லோகன் தொடங்கிய 'தி ஃபேஸ்' இதழின் பக்கங்களை ஒரு வடிவமைப்புப் புத்தகத்தில் பார்த்திருந்தேன். இசையும் உடையும் இளைஞர் வாழ்க்கையும் கலந்த இதழ் அது. 1981 முதல் 1986 வரை அதன் கலை இயக்குநர் நெவில் பிராடி. 1984 வாக்கில் அவர் ஒரு காரியம் செய்தார். பொருளடக்கப் பக்கத்தின் தலைப்பாக நிற்கும் 'கன்டென்ட்ஸ்' என்ற சொல்லை ஒவ்வொரு இதழிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே போனார். எழுத்துகள் தேய்ந்து, உடைந்து, கடைசியில் வெறும் கோடும் வடிவமுமாகிவிட்டன. ஆனாலும் வாசகர்கள் அந்தப் பக்கம் எது என்று தேடித் திண்டாடவில்லை, மாதாமாதம் அதே இடத்தில் இருந்ததால் கண்ணே பழகிவிட்டது. படிக்காமலே அடையாளம் தெரிகிற சொல்லை எதற்குப் படிக்கும்படி வைக்க வேண்டும்? அந்த யோசனையை நினைத்து நான் பல நாள் தூங்கவில்லை.

நாமும் செய்து பார்ப்போம் என்று கிளம்பினேன். 'பொருளடக்கம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். முதல் மாதம் 'பொ'வின் கொம்பைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். அடுத்த மாதம் காலையும் பிரித்தேன். மூன்றாவது மாதம் மெய்யெழுத்துப் புள்ளிகளைக் கழற்றிப் பக்கம் முழுக்க உருளவிடத் திட்டம். அதற்குள் கடிதங்கள் வந்துவிட்டன. "உங்கள் கணினியில் எழுத்துரு உடைகிறது, கவனிக்கவும்" என்று ஒருவர். "அட்டையில் இத்தனை செலவு செய்கிறீர்கள், நல்ல ஃபான்ட் வாங்கக் கூடாதா" என்று இன்னொருவர். புரூஃப் பார்க்கும் ஐயா அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "கொம்பைச் சேர்க்கவும்" என்று மூன்று மாதமும் எழுதியிருந்தார், நான்தான் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறேன்.

அவர்கள் மேல் தப்பில்லை. அது தமிழ்க் கணினி படாதபாடு பட்ட காலம். டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியீட்டு முறை, ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் கிடக்கும். இணையத்தில், கல்யாணப் பத்திரிகையில், பேருந்து அறிவிப்பில் என்று உடைந்த தமிழைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த வாசகனிடம் போய் நான் கலைக்காக உடைத்தேன் என்றால் எப்படி நம்புவான்? லண்டனில் துணிச்சலாகத் தெரிந்தது மயிலாப்பூரில் சாஃப்ட்வேர் கோளாறாகத் தெரிந்தது. நான்காம் மாதம் தலைப்பையே எடுத்துவிட்டு, வார இதழ் பாணியில் 'உள்ளே' என்று சின்னதாகப் போட்டேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, லேசாகச் சிரித்தார்.

இரவல் வாங்கியதில் ஒட்டாமல் போனது இன்னும் நிறைய. ஆங்கில ராக் பத்திரிகைகளின் பொருளடக்கத்தில் பெயர் ஒரே சொல்லில் முடிந்துவிடும். பிரின்ஸ், ஸ்டிங், பியோர்க். பெரிய எழுத்தில் பெயர், பக்கத்தில் அதைவிடப் பெரிய பக்க எண், வேலை முடிந்தது. எங்களுக்கு ஊர் பெயர், சொந்தப் பெயர், பட்டம் எல்லாம் வேண்டும். 'செம்மங்குடி சீனிவாச ஐயர்' என்று போட்டாலே ஒரு பத்தியின் அகலம் தீர்ந்துவிடும், முன்னால் 'சங்கீத கலாநிதி' சேர்த்தால் இரண்டாம் வரி. பக்க எண் எந்த வரிக்கு நேராக நிற்பது? தலைப்புக்கும் எண்ணுக்கும் நடுவே ஓடும் புள்ளி வரிசையை முதலில் தூக்கினேன். எண்ணைக் கொண்டுபோய் இடப்பக்கம், தலைப்புக்கு முன்னால் வைத்தேன். கண் இடமிருந்து வலமாகப் பக்கத்தைத் தாண்டி ஓட வேண்டியதில்லை, தலைப்பு எத்தனை வரி போனாலும் எண் முதல் வரியோடு நிற்கும். அந்தப் பத்திரிகையில் நான் செய்ததில் யாரும் குறை சொல்லாதது இது ஒன்றுதான். தமிழ் எண்களில் போடலாமே என்றார் புரூஃப் ஐயா. போட்டால் அவர் ஒருவர்தான் சரியான பக்கத்துக்குப் போவார் என்றேன்.

படம் அடுத்த தலைவலி. ராக் பத்திரிகைக்காரர்கள் கலைஞரை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டு, கேமராவை நேராகப் பார்க்கவைத்து எடுப்பார்கள், அதை எவ்வளவு சின்னதாக்கினாலும் முகம் நிற்கும். எங்களிடம் இருந்ததெல்லாம் கச்சேரியில் பக்கவாட்டில் எடுத்த படம். வாய் திறந்திருக்கும், கண் மூடியிருக்கும், மைக் ஸ்டாண்ட் மூக்கை மறைக்கும். தபால்தலை அளவுக்குச் சுருக்கினால் பட்டுப்புடவையும் மைக்கும்தான் மிஞ்சும். அதனால் ஆளை விட்டுவிட்டு வாத்தியத்தைப் பிடித்தேன். தம்புராவின் சுருதி கூட்டும் பிருடைகள், வயலினின் வளைவு என்று அருகில் போய் எடுத்த படங்கள். ஒரு இதழில் மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலது முகத்தில், இருக்கும் சோறு என்கிற கறுப்புப் பூச்சை நன்றாகப் பெரிதாக்கி, அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் வெள்ளையில் பக்க எண்ணைப் போட்டேன். இன்று பார்த்தாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. மறுநாளே ஒரு மூத்த வித்வான் போனில் வந்து, கோபமே இல்லாமல், "வாத்தியத்து மேல யாராவது எழுதுவாளா தம்பி" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். அடுத்த இதழில் அது இல்லை.

வெற்றிடத்துக்காகப் போட்ட சண்டைதான் பெரியது. பக்கத்தின் கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை நான் காலியாக விட்டிருந்தேன். "இவ்வளவு இடம் சும்மா கிடக்கே, ஒரு கால் பக்க விளம்பரம் போகுமே" என்றார் விளம்பரம் பார்ப்பவர். வெளிநாட்டில் பொருளடக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தைத்தான் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள், நீங்களும் இரண்டாம் பக்கத்தை அப்படி விற்றுப் பாருங்கள், இந்தப் பக்கம் நன்றாக இருந்தால்தான் அந்தப் பக்கம் விலை போகும் என்று ஏதேதோ பேசித் தப்பித்தேன். விற்றும் விட்டார். ஆனால் மாதா மாதம் அந்தக் காலியிடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

அப்புறம் அந்த மார்கழிச் சிறப்பிதழ். நடுவில் பின் அடிக்கும் இதழில் பக்கங்கள் 16, 16 ஆக ஃபாரம் போகும், ஒரு ஃபாரம் என்றால் ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள். வெளி ஃபாரத்தில் 1 முதல் 8 வரையும் 57 முதல் 64 வரையும் சேர்ந்து வரும், ஆக மூணாம் பக்கம் அதில்தான். அதனால் எப்போதும் உள் ஃபாரங்களை முதலில் ஓட்டி, பக்க எண்ணெல்லாம் உறுதியான பிறகு வெளி ஃபாரத்தைக் கடைசியாக அனுப்புவோம். அந்த மாதம் கலர் விளம்பரங்கள் எல்லாம் வெளி ஃபாரத்தில். மிஷின் காலியாக இருக்கிறது, கலரை முதலில் ஓட்டிவிடலாம் என்று அச்சகத்தில் கேட்டார்கள், சரி என்றேன். மறுநாள் ஒரு முழுப் பக்க விளம்பரம் வந்தது, 16ஆம் பக்கத்தில்தான் வேண்டும் என்றார்கள். அதிலிருந்து எல்லாம் ஒரு பக்கம் தள்ளி, 54இல் இருந்த ராகப் புதிரைத் தூக்கி இடத்தைச் சரிக்கட்டினோம். பொருளடக்கம் ஏற்கெனவே அச்சாகிக் காய்ந்துவிட்டது என்பது பைண்டிங் முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. 16 முதல் 53 வரை எல்லா எண்ணும் தப்பு. இல்லாத ராகப் புதிருக்கு ஒரு வரி வேறு. பிழைதிருத்தச் சீட்டு அடித்து உள்ளே வைத்தோம், கடைகளுக்கு முதல் கட்டாகப் போன பிரதிகளில் அதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு சபா கேன்டீனில் காபிக்கு நிற்கிறேன், எதிரே ஒரு பெரியவர் எங்கள் இதழைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூணாம் பக்கம். நீல பேனாவால் ஒவ்வொரு பக்க எண்ணையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியான எண்ணை எழுதியிருந்தார். ராகப் புதிருக்கு நேரே ஒரே ஒரு கேள்விக்குறி. கீழே நான் சண்டை போட்டு வாங்கிய காலியிடத்தில், தேதி, சபா, நேரம், பாடுபவர் என்று நாலு பத்தி பிரித்து, டிசம்பர் கடைசி வரைக்கும் அவர் போக வேண்டிய கச்சேரிகளைப் பொடி எழுத்தில் நிரப்பியிருந்தார். என் பட்டியலைவிட நேராக இருந்தது. நான்தான் அந்தப் பக்கத்தைச் செய்தவன், எங்கள் ஆசிரியரிடம் காட்ட வேண்டும், வேறு பிரதி தருகிறேன், இதைத் தருவீர்களா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதைக் கொடுத்துட்டு நாளைக்கு நான் எந்த சபாவுக்குப் போறதாம்?"