கிரியாட்டினின் இறங்கும் வரை

ஜூலை 8, திங்கள்

அப்பாவின் கிரியாட்டினின் 1.9. நேற்று 1.8.

பெரிய டாக்டர் ஃபைலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், போய்விட்டார். பின்னாலேயே ஓடி டூட்டி டாக்டரைப் பிடித்தேன். ஆஞ்சியோவுக்கு, அதாவது இதய ரத்தக்குழாயைப் படமெடுக்க, ஏற்றும் டை கிட்னியை இன்னும் படுத்திவிடுமாம், கிட்னி வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் இறங்கட்டும் என்றார். எவ்வளவுக்கு இறங்க வேண்டும் என்று கேட்டேன். "பார்க்கலாம்மா."

லீனியர் அல்ஜீப்ரா பரீட்சை இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. நோட்டு மட்டும் பையில் இருக்கிறது.

ஜூலை 9

எதிர் பெட்காரரின் இருமல். மணி இரண்டு. சரி, தூக்கம் வராது என்று ஆனபிறகு பேசிஸ் மாற்றத்தை எடுத்தேன்.

பேசிஸ் என்றால் மற்ற எல்லா வெக்டரையும் கட்டப் பயன்படும் அடிப்படை வெக்டர்கள். பழைய பேசிஸ் (1, 0), (0, 1). புதியது (2, 1), (1, 1). புதிய இரண்டையும் நிரல்களாக நிறுத்தினால் ஒரு மேட்ரிக்ஸ், எண்களின் கட்டம். அதைப் பி என்று வைத்துக்கொள்கிறேன். புதிய பேசிஸில் (3, -1) என்று ஒரு வெக்டர் இருந்தால், அதன் பொருள் முதல் வெக்டரில் மூன்று, இரண்டாவதில் ஒன்றைக் கழி. (6, 3)-இல் (1, 1) போனால் (5, 2). இது பழைய எண். ஆக (3, -1)-ஐ பி-யிடம் கொடுத்தால் (5, 2) வருகிறது. புதிய எண்ணை வாங்கிக்கொண்டு பழைய எண்ணைத் தருகிறது.

இதில்தான் மனம் ஒப்ப மறுக்கிறது. பி முழுக்க இருப்பது புதிய வெக்டர்கள். சில புத்தகங்கள் அதற்குப் "பழையதிலிருந்து புதியதுக்கு" என்றே பெயர் வைக்கின்றன, ஏனென்றால் பழைய பேசிஸை அது புதிய பேசிஸாக மாற்றுகிறது. எண்களுக்கோ அது எதிர்த்திசையில் ஓடுகிறது. இன்னும் சில புத்தகங்கள் அதே பெயரை இன்வர்ஸுக்கு, அதாவது பி செய்ததைத் திருப்பிப் போடும் மேட்ரிக்ஸுக்கு, வைக்கின்றன. கேள்வித்தாள் போடுகிறவர் எதைப் படித்தவரோ, யாருக்குத் தெரியும்.

பெயரை நம்பக்கூடாது. (1, 0)-ஐக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பி தருவது (2, 1). புதிய பேசிஸின் முதல் வெக்டர், புதிய கணக்கில் (1, 0), பழைய கணக்கில் (2, 1). நிரல்களே பழைய எண்களில் எழுதப்பட்டவை, அவற்றைப் பெருக்கிக் கூட்டினால் பழைய எண்தானே வரும். எதிர்ப்பக்கம் போக இன்வர்ஸ். அது முதல் நிரையில் 1, -1; இரண்டாவதில் -1, 2. (5, 2)-ஐப் போட்டேன், (3, -1) வந்தது.

நாலு மணிக்குச் சிஸ்டர் வந்து ரத்தம் எடுத்தார்.

ஜூலை 10

அக்கா வந்தாள். சண்டை. எழுதுவதற்கில்லை.

ஜூலை 11

1.8.

லண்டனில் இருக்கும் மாமா மகன் போன் பண்ணினான். கிரியாட்டினின் எவ்வளவு என்றான், 1.8 என்றேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை, பிறகு "அப்ப நூத்தி அறுபது கிட்ட" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர்கள் ஊரில் மைக்ரோமோல் கணக்காம், லிட்டருக்கு. நம்முடையது மில்லிகிராம், டெசிலிட்டருக்கு. 88.4-ஆல் பெருக்கினால் நம் எண் அவன் எண் ஆகிவிடும். 1.8 என்பது 159.

போனை வைத்த பிறகும் அந்த 159 காதில் நின்றது. ரத்தத்தில் ஓடுவது அதேதான் என்று தெரியும். இருந்தும் 1.8 கேட்டால் ஒரு பயம், 159 கேட்டால் வேறு பயம்.

அளக்கும் அலகு சுருங்கினால் எண் பெருகுகிறது. 88.4-இல் ஒரு பங்காக அலகு சுருங்கியது, எண் 88.4 மடங்கானது. பி-யும் இன்வர்ஸும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை. பேசிஸ் ஒரு பக்கம் போனால் எண்கள் மறுபக்கம் போய்த்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் நடுவில் இருக்கிற பொருள் மாறிப்போகும். ஒரு பரிமாணத்தில் இது குழந்தைக்கும் புரியும். இரண்டாவது பரிமாணம் வந்தவுடன் ஏன் இவ்வளவு இருட்டு?

அப்பா தயிர்சாதம் வேண்டாம் என்றார். பிறகு கேட்டார். பிறகு வேண்டாம் என்றார்.

ஜூலை 12

ஈசிஜி எடுக்கிற தம்பி நல்லவன். தாளைக் கிழித்து ஃபைலில் வைக்குமுன் என்னைப் பார்க்க விட்டான். கைகால்களில் நாலு, நெஞ்சில் ஆறு, ஆக 10 ஒட்டு. தாளில் 12 படம், ஒவ்வொன்றுக்கும் லீட் என்று பெயர். "பத்து வயர்ல பன்னெண்டு எப்படித் தம்பி?" என்றேன். "மெஷினே போட்டுக்கும்க்கா" என்றான்.

மெஷின் எப்படிப் போடுகிறது என்பதுதான் இன்று முழுக்க. லீட் 1 என்றால் இடது கையின் மின்னழுத்தத்தில் வலது கையுடையதைக் கழித்தது. லீட் 2 காலில் வலது கையைக் கழித்தது. லீட் 3 காலில் இடது கையைக் கழித்தது. ஆக 1-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 2, எப்போதும். வலது காலில் இருப்பது எர்த் மாதிரி, கணக்கில் சேராது. ஏவிஎஃப் என்பது 2-இல் 1-இன் பாதியைக் கழித்தது. ஏவிஎல், 1-இல் 2-இன் பாதியைக் கழித்தது. ஏவிஆர், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி மைனஸ் போட்டது. கைகால் லீட்கள் ஆறில் நாலு, மீதி இரண்டிலிருந்து எழுதிவிடக் கூடியவை. நெஞ்சின் ஆறோடு சேர்த்தால் பன்னிரண்டில் எட்டுதான் சுயமானவை.

அப்பாவின் தாளில் எண்ணிப் பார்த்தேன், சின்னக் கட்டம் ஒரு மில்லிமீட்டர். கியூஆர்எஸ், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் வரும் பெரிய கூர், அதன் உயரம், கீழே போனதைக் கழித்த பிறகு: லீட் 1-இல் 6, லீட் 2-இல் 10, லீட் 3-இல் 4. 6 + 4 = 10. இத்தனை நாள் இந்த ஆஸ்பத்திரியில் சரியாகக் கூடி வந்த ஒரே கணக்கு.

ஜூலை 13

தூங்கப் போகுமுன் பிடித்துக்கொண்டது, விடவில்லை.

லீட் 1-இன் திசை 0 டிகிரி, நேர்க்கிடை. லீட் 2-இன் திசை 60 டிகிரி, கீழ்நோக்கி. இரண்டும் சேர்ந்து நெஞ்சுக்கு நேரான தளத்துக்கு ஒரு பேசிஸ், செங்குத்தில்லாத சாய்ந்த பேசிஸ். அப்படியானால் இதயத்தின் மின் வெக்டரின் புதிய எண்கள் (6, 10) என்று எழுதத் தோன்றுகிறது. தோன்றவே கூடாது.

6 என்பது அந்த வெக்டர் லீட் 1 மேல் போடும் நிழலின் நீளம். டாட் பிராடக்ட். வெக்டரைக் கட்ட லீட் 1-இன் திசையில் எத்தனை வேண்டும் என்பது வேறு கேள்வி. செங்குத்துப் பேசிஸில் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில், அதனால் பள்ளிக்கூடத்தில் யாரும் பிரித்துச் சொல்லவில்லை. சாய்வில் பிரிந்துவிடுகிறது. 60 டிகிரிக்குக் கோசைன் பாதி, எனவே கட்டும் எண்களை நிழல் எண்களாக்கும் மேட்ரிக்ஸ் 1, அரை, அரை, 1. இன்வர்ஸ் எடுத்தேன். கட்டும் எண்கள் 4/3, 28/3.

சரிபார்த்தேன். 4/3-ம் 28/3-இன் பாதியும் 6. 4/3-இன் பாதியும் 28/3-ம் 10.

லீட் 1-இல் ஆறு மில்லிமீட்டர் ஏறுகிறது, ஆனால் அந்தத் திசையில் உண்மையில் தேவைப்படுவது ஒன்றே கால் சொச்சம். மீதி முழுக்க லீட் 2-இன் சாய்வு கொண்டுவந்து போட்டது.

பழகிய செங்குத்துப் பேசிஸுக்குக் கொண்டுபோனால் கிடை 6. கீழ்நோக்கி, 10-இல் 3-ஐக் கழித்து 0.866-ஆல் வகுத்தால் 8.08. கோணம் சுமார் 53 டிகிரி, இதுதான் இதயத்தின் மின் அச்சு. -30 முதல் 90 வரை நார்மல் என்கிறார்கள். அப்பாவின் அச்சு நடுவில் பத்திரமாக இருக்கிறது. அடைப்பைப் பற்றி இது எதுவும் சொல்லாது என்பதும் தெரியும். தெரிந்தும் ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

பார்க்க வந்தவர்கள். ஹார்லிக்ஸ், ஆப்பிள், ஹார்லிக்ஸ். சித்தப்பா நின்றபடியே தனக்கு ஸ்டென்ட் வைத்த கதையை முதலிலிருந்து சொன்னார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார், தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு ஈசிஜி கருவியைக் கொண்டுவந்த ஐந்தோவன் கதையைச் சொன்னேன். நெதர்லாந்தின் லைடன் ஊரில் பேராசிரியராக இருந்தவர். அந்தக் காலத்தில் ஒட்டுகிற பட்டை கிடையாது, நோயாளி இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர்த் தொட்டிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். ஆஸ்பத்திரி ஓரிடம், கருவி இருந்த ஆய்வகம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, நடுவில் டெலிபோன் வயர் வழியாக இதயத்துடிப்பு போனது. மூன்று உறுப்பை மூன்று முனையாக வைத்து முக்கோணம் போட்டது அவர்தான். 1924-இல் நோபல்.

"காலை உப்புத்தண்ணியில விட்டா நல்லாத்தான் இருக்கும் பாப்பா" என்றார் அப்பா. வீக்கம் இன்னும் வடியவில்லை.

ஜூலை 15

1.8. அசையவில்லை.

ஜூலை 16

அந்த 1.8 மேல் கோபம். ஒரு எண்ணின் மேல் கோபப்படுவது என்ன புத்தி.

கோபத்தில் படித்தால் நன்றாகப் படிக்க வருகிறது. ஏ என்ற ஒரு மேட்ரிக்ஸின் பேசிஸ் மாற்றம். பி-யின் இன்வர்ஸ், ஏ, பி. வலமிருந்து இடம் வாசிக்க வேண்டும்: புதிய எண்ணை வாங்கு, பி அதைப் பழையதாக்கட்டும், ஏ தன் வேலையைச் செய்யட்டும், இன்வர்ஸ் விடையைப் புதியதாக்கித் திருப்பித் தரட்டும். மனப்பாடம் செய்ய எதுவுமில்லை, பி-யின் திசை தெரிந்திருந்தால். எல்லாம் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

ஒரு கோட்டின் குறுக்கே பிரதிபலிப்பு. கோடு (2, 1) வழியாகப் போகிறது. பழைய பேசிஸில் மேட்ரிக்ஸ் 0.6, 0.8; 0.8, -0.6. பார்த்தால் இது பிரதிபலிப்பு என்று யாருக்காவது தோன்றுமா? கோட்டின் மேல் (2, 1), அதற்குச் செங்குத்தாக (-1, 2), இவற்றைப் பேசிஸாக எடுத்தால் மூலைவிட்டத்தில் 1, -1, மற்றதெல்லாம் பூச்சியம். கோட்டில் இருப்பது அப்படியே இருக்கும், குறுக்கே இருப்பது திரும்பும். அவ்வளவுதான் அது செய்கிற வேலை, தசமங்கள் அதை மூடி வைத்திருந்தன.

இரண்டிலும் டிரேஸ், அதாவது மூலைவிட்ட எண்களின் கூட்டல், பூச்சியம். இரண்டிலும் டிட்டர்மினன்ட், அதாவது மூலைவிட்டப் பெருக்கலில் மற்ற மூலைகளின் பெருக்கலைக் கழித்தது, -1. பேசிஸ் எதுவானாலும் இவை மாறாது. எண்களில் எவை பொருளுக்குச் சொந்தம், எவை நாம் நின்று பார்த்த இடத்துக்குச் சொந்தம் என்று பிரிக்க இப்படிச் சில கிடைக்கின்றன. அப்பா விஷயத்தில் எதை டிரேஸ் என்று எடுத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிரஷர் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. சுகர் மாறுகிறது. கோபம் மட்டும் மாறவில்லை, காபியில் சர்க்கரை போடாததற்கு இன்றும் திட்டினார்.

ஜூலை 17

ஈசிஜி தாளைப் போட்டோ எடுத்து மாமா மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவனுக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்டுவானாம். "கோடெல்லாம் கலங்கியிருக்கு, டாக்குமெண்டா அனுப்பு" என்றான்.

ஏன் கலங்குகிறது என்றால் அங்கேயும் இதே சமாச்சாரம். போட்டோவைச் சுருக்குகிற ஜேபெக் முறை, படத்தை 8-க்கு 8 கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொன்றிலும் 64 புள்ளி, 64 எண், அதாவது 64 பரிமாண வெக்டர். புள்ளிகளின் பேசிஸிலிருந்து கோசைன் அலைகளின் பேசிஸுக்கு மாற்றுகிறார்கள். நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் 1974-இல் வெளியிட்ட வழி. பேசிஸை மாற்றுவதால் மட்டும் ஒன்றும் தொலையாது, இன்வர்ஸ் போட்டால் திரும்பி வந்துவிடும். மாற்றிய பிறகு, மிக வேகமாக ஆடும் அலைகளின் எண்களைக் கண்ணுக்குத் தெரியாது என்று தேய்த்துச் சின்னதாக்கிவிடுவதில்தான் தொலைகிறது. முகத்துக்கும் மரத்துக்கும் அது சரி. மெல்லிய கறுப்புக் கோடு வேகமான அலைகளால்தான் நிற்கிறது, அவை போனால் ஓரங்களில் புகை.

டாக்குமெண்டாக அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் இல்லை.

பதில் இல்லை.

ஜூலை 18

"கவலைப்படற மாதிரி இல்லையாம், ஆனா ஆஞ்சியோ பார்த்தாத்தான் தெரியுமாம்." இதைச் சொல்ல ஒரு நாள்.

1.5!

அக்காவுக்குப் போன் பண்ணினேன். அழுதாள். நான் இல்லாத நேரத்தில் அம்மாவிடம் என்ன சொன்னாளோ, அம்மாவும் கூப்பிட்டு அழுதார். எண் இறங்கியதற்கு அழுகிற குடும்பம்.

ஜூலை 19

1.4. நாளைக் காலை முதல் கேஸ். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஒன்றும் சாப்பிடக்கூடாது. காபி உண்டா என்று அப்பா மூன்று பேரிடம் கேட்டுவிட்டார்.

ஆர்த்தோநார்மல் பேசிஸ் பார்க்கிறேன். செங்குத்து, நீளம் ஒன்று. அப்படியானால் இன்வர்ஸ் தேட வேண்டாம், நிரையை நிரலாகத் திருப்பிவிட்டால் போதும். காரணம் 13-ஆம் தேதி எழுதியதுதான்: அங்கே நிழலும் கட்டும் எண்ணும் ஒன்று, எனவே ஒவ்வொரு பேசிஸ் வெக்டரோடும் டாட் பிராடக்ட் எடுத்தாலே புதிய எண்கள் வந்துவிடும். சாய்ந்த பேசிஸில் அது நடக்காது, துணைக்கு இன்னொரு பேசிஸ் வேண்டியிருக்கிறது, டூயல். லீட் 1, லீட் 2 ஜோடிக்கு டூயல் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முதலாவது லீட் 2-க்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், லீட் 1-உடன் டாட் பிராடக்ட் 1 வர வேண்டும். அதாவது கோணம் -30, நீளம் ஒன்றுக்கு மேல், 2 வகுத்தல் ரூட் 3. லீட் 2-க்குச் செங்குத்தாக -30-இல் இருப்பது ஏவிஎல்லின் திசை! அப்படியானால் ஏவிஎல் எண்ணை எடுத்து 4/3-ஆல் பெருக்கினால் கட்டும் எண் நேராகவே வந்துவிட வேண்டும். 6-இல் 5-ஐக் கழித்தால் 1, பெருக்கினால் 4/3. வருகிறது. இரண்டாவது 90 டிகிரியில், அது ஏவிஎஃப், 10-இல் 3-ஐக் கழித்தால் 7, பெருக்கினால்

சிஸ்டர் கூப்பிடுகிறார். கையெழுத்து வேண்டுமாம், மூன்று இடத்தில்.