1281: புயலுக்கு முன்பே தோற்றுவிட்ட படை

மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் கப்பற்படையை ஜப்பான் கரையில் முறியடித்தது 'காமிகாஸே', அதாவது தெய்வக்காற்று என்றுதான் பலரும் படித்திருப்போம். காற்று அடித்தது உண்மை. ஆனால் அன்றிரவு அத்தனை கப்பல்களும் ஏன் கரையேற வழியில்லாமல் கடலிலேயே கிடந்தன? கப்பல் கட்டிய விதத்தையும் குறித்த கெடு தவறியதையும் பார்த்தால்தான் அது விளங்கும்.

1274இல் நடந்த முதல் படையெடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டின் தொடக்கத்தில் மங்கோலியருக்கு அடங்கியிருந்த கொரியாவின் கோர்யோ அரசுக்கு 900 கப்பல் கட்டித்தரச் சொல்லி உத்தரவு வந்தது: 300 பெரியவை, 300 விரைவுப் படகுகள், 300 தண்ணீர் சுமக்கும் படகுகள். பியோன்சான், சியோன்குவான் மலைகளில் மரம் வெட்டினார்கள். 30,000 பேருக்கு மேல் தச்சர்களும் கூலியாட்களும் இழுத்துவரப்பட்டார்கள். ஐந்தே மாதத்தில் வேலை முடிந்தது. தென்சீனப் பாணியில் கட்டினால் செலவும் கூடும், காலமும் போதாது என்பதால் கோர்யோ தளபதி கிம் பாங்-கியோங் உள்நாட்டுப் பாணியிலேயே கட்டவைத்தார். இந்த ஒரு முடிவு பிறகு எத்தனை உயிரைக் காத்திருக்கக்கூடும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

அந்தப் படை சுஷிமா, இக்கி தீவுகளைச் சூறையாடிவிட்டு ஹகாட்டா விரிகுடாவில் இறங்கியது. ஒரு நாள் சண்டைக்குப் பிறகு கப்பலுக்குத் திரும்பிப் பின்வாங்கியது. படை ஒழுங்கு குலைந்தது, அம்பும் தீர்ந்தது என்று குப்லாயின் யுவான் அரசின் வரலாறே சொல்கிறது. 13,500 பேருக்கு மேல் திரும்பவில்லை என்பது கோர்யோ கணக்கு.

காமாகுரா நகரிலிருந்து ஜப்பானை ஆண்ட ராணுவ அரசு அடுத்த முறைக்குக் காத்திருந்த விதம்தான் வியக்கவைக்கிறது. 1276இல் ஹகாட்டா விரிகுடாவை ஒட்டி ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குக் கற்சுவர் எழும்பியது. உயரம் இரண்டு முதல் மூன்று மீட்டர். வேலை நிலக்கணக்குப்படி பங்கிடப்பட்டது. ஒசுமி மாகாணத்தில் ஒரு 'டான்' நிலத்துக்கு ஒரு 'சுன்' நீளச் சுவர். நம் கணக்கில் சொன்னால், 30 சென்ட் நிலம் வைத்திருப்பவர் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகக் கட்ட வேண்டும். ஹகோசாகி பகுதி சட்சுமாவுக்கு, இமாசு பகுதி ஹியூகாவுக்கும் ஒசுமிக்கும் என்று மாகாணவாரியாகப் பிரித்துக்கொடுத்தார்கள். இமாசுவில் எஞ்சியிருக்கும் சுவரில் ஓரிடம் கருங்கல்லாகவும் ஓரிடம் எரிமலைப்பாறையாகவும் இருக்கிறது. கட்டிய கை மாறிய இடம் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது.

1281இல் இரண்டாம் படையெடுப்புக்கான திட்டம் தாளில் பிரமாதமாகத்தான் இருந்தது. கொரியாவிலிருந்து கிழக்குப் படை: 900 கப்பல், 40,000 பேர். சீனத் துறைமுகமான நிங்போவிலிருந்து தெற்குப் படை: 3,500 கப்பல், 1,00,000 பேர். இரண்டும் சந்திர மாதக் கணக்கில் ஆறாம் மாதம் 15ஆம் நாளுக்குள், அதாவது ஜூலைத் தொடக்கத்தில், இக்கி தீவில் சேர வேண்டும்.

கிழக்குப் படை காத்திருக்காமல் ஜூன் இறுதிக்குள் ஹகாட்டாவை எட்டிவிட்டது. சுவர் இருந்ததால் அங்கே இறங்க முடியவில்லை. ஷிக்கா தீவில் கால்வைத்தது. இரவில் சிறு படகுகளில் வந்த சாமுராய்கள் கப்பலேறி வெட்டினார்கள். கோடை வெயிலில் நெருக்கியடித்துக் கிடந்த கப்பல்களில் கொள்ளைநோய் பரவி 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அடிமரம் உளுத்துக்கொண்டிருந்தது. திரும்பிவிடலாம் என்று மங்கோலியத் தரப்புத் தளபதிகள் சொன்னபோது, "மூன்று மாத உணவோடு வந்தோம், இன்னும் ஒரு மாதத்துக்கு இருக்கிறது, தெற்குப் படை வரட்டும்" என்ற கருத்தில் கிம் பாங்-கியோங் மறுத்தார்.

தெற்குப் படையோ கெடு நாள் கடந்த பிறகுதான் கிளம்பவே செய்தது. தலைமைத் தளபதி அரகான் நோயில் விழுந்தார், அவர் இடத்துக்கு வேறொருவரைப் போட வேண்டியிருந்தது, சேரும் இடமும் ஹிராடோ தீவுக்கு மாறியது. இரு படைகளும் ஒன்றுசேர்ந்து டகாஷிமா தீவுக்கு நகர்ந்தபோது ஆகஸ்ட் பிறந்துவிட்டது. தென்ஜப்பானின் கியூஷூ தீவில் அது புயல் பருவம். ஆகஸ்ட் நடுவில் புயல் அடித்தது. குறித்த கெடுவுக்கும் புயலுக்கும் இடையே ஆறு வாரம் வீணாகியிருந்தது.

கப்பல்களின் தரத்துக்கும் சாட்சி இருக்கிறது. டகாஷிமா கடலடியில் கிடைத்த நங்கூரங்கள் பலவற்றில் ஒரே நீளக்கல் இல்லை. இரண்டு துண்டுக் கற்களை மரத்தண்டின் இருபுறமும் பொருத்தியிருக்கிறார்கள். செய்வது சுலபம், பிடிமானம் குறைவு. சில மரத்துண்டுகளில் தேவைக்கு மேல் ஆணித்துளைகள் நெருக்கமாக உள்ளன. பழைய மரத்தைத் திரும்பப் பயன்படுத்தியிருக்கலாம், அல்லது அவசரப் பழுதுபார்ப்பாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தில் 200 கப்பல் கட்டச் சொன்னதில் 50தான் முடிந்தது, மக்கள் தாங்கமாட்டார்கள் என்று யுவான் அதிகாரி பூ ஷோகெங் 1281இல் முறையிட, அந்த வேலையே நிறுத்தப்பட்டது. (அதே சுவான்ஜோவில், அதே 1281 சித்திரையில், மங்கோலியக் கானின் உடல்நலம் வேண்டிச் சிவனை எழுந்தருளச் செய்ததாகச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் உண்டு.)

இப்போது அந்த உள்நாட்டுப் பாணிக் கப்பல்களுக்கு வருவோம். கோர்யோ வீரர்களும் மாலுமிகளுமாகப் போனவர்கள் 26,989 பேர். உயிரோடு திரும்பியவர்கள் 19,397 பேர். தெற்குப் படையிலோ பாதிக்கு மேல் போயிற்று. நல்ல கப்பல்களைப் பிடித்துக்கொண்டு தளபதி ஃபான் வென்ஹு ஓடிவிட, தீவில் கைவிடப்பட்டவர்கள் மரம் வெட்டிப் படகு செய்யத் தொடங்கிய வேளையில் ஜப்பானியர் பாய்ந்தார்கள். மங்கோலியரையும் கோர்யோக்காரரையும் வடசீனரையும் கொன்றார்கள். மங்கோலியர் வென்றிருந்த தென்சீனத்தின் பழைய சோங் நாட்டு வீரர்களை மட்டும் 'தாங் மனிதர்கள்' (சீனர்கள்) என்று அடிமைகளாக வைத்துக்கொண்டார்கள்.

வென்ற காமாகுராவை உண்மையில் சாய்த்தது இதற்குப் பிந்தைய கணக்கு. உள்நாட்டுப் போரில் தோற்றவன் நிலத்தைப் பிடுங்கி வென்றவனுக்குக் கொடுக்கலாம். கடல் தாண்டி வந்தவனிடம் பிடுங்க ஒரு காணி நிலம்கூட இல்லை. 1274 போரில் முன்னணியில் நின்ற டகேசாகி சுவேநாகா, குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்குப் பணம் புரட்டிக் காமாகுரா வரை போனார். அரசின் உயர் அதிகாரி அடாச்சி யசுமோரியிடம் நேரில் வாதாடிய பிறகே அவருக்கு ஒரு நிலத்தை நிர்வகிக்கும் பொறுப்பு கிடைத்தது. அவருக்காவது கிடைத்தது. மீண்டும் படை வரலாம் என்று கரையில் காவல்முறை ஆண்டுக்கணக்கில் தொடர, நிலத்தை அடகு வைத்தும் விற்றும் குடும்பங்கள் கரைந்தன.

1297இல் அரசு ஒரு கடன்நிவாரண ஆணை போட்டது: அரசின் நேரடி வீரர்கள் விற்ற நிலம் விலையில்லாமல் அவர்களுக்கே திரும்பும், கடன் வழக்குகளை இனி விசாரிக்கமாட்டோம். உடனே கடன் கொடுப்பவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். மறு ஆண்டே ஆணையின் சில பகுதிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நிலம் விற்கும் பத்திரங்களில் மட்டும் ஒரு புதுவரி நிலைத்துவிட்டது: 'இனி எந்த நிவாரண ஆணை வந்தாலும் இந்த விற்பனை செல்லும்.'